சொரசொரப்புப் பக்கம்

பஸ்ஸின் நெற்றியில் கிண்ணியா என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவர் ஏறமாட்டார். முதலில் சாரதியிடம் கேட்பார். பிறகு கொண்டக்டரிடம் கேட்பார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகம் கூடிவிடும். உள்ளே இருக்கிற ஒரு பெண்ணை யன்னல் வழியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, நீங்க எங்க போறீங்க?" என்பார். கிண்ணியாத் துறையடிக்கு என்று அவள் சொன்னால், "போன கிழமையும் இதிலதான் போனீங்களா?" என்பார். அதற்குப் பிறகுதான் ஒரு கால் படியில் ஏறும். மற்றக் கால் ஏறுவதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் அவரை ஏசி முடித்திருப்பார்கள்.

இப்படி ஒரு மனுஷியை நான் பத்துப் பன்னிரண்டு வருஷம் சகித்துக்கொண்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் சகித்துக்கொண்டேன் என்றுதான் சொல்வேன். திருகோணமலையில், உட்துறைமுக வீதியில், அப்பாவின் கண்ணாடிக் கடையை நான் நடத்தினேன். அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் வைரக் கட்டரை நான் எடுத்தேன். சாமிப்படம், கல்யாணப்படம், செத்தவர்களின் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவேன். யன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவேன். பெண்பிள்ளை வெட்டினால் நேராக வருமா என்று கேட்டவர்களை வந்த வழியே அனுப்பியிருக்கிறேன்.

அவரை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். கிண்ணியாவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயரை எழுதமாட்டேன். எழுதினால், "அதே பேர்ல எங்கட ஊர்ல நாலு பேர் இரிக்காங்க, நீ சொல்றது என்னையெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?" என்று அதற்கும் ஒரு கேள்வி வரும்.

முதல் நாள் கடைக்கு வந்தபோது, நிறுத்தி வைத்திருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்பது கண்ணாடி. ஒன்றும் சரியில்லை.

"தடிப்பு ஒரே மாதிரி இரிக்கணும். குமிழ் இரிக்கப்படா. அலை இரிக்கப்படா."

"யன்னலுக்கா ராத்தா?"

"கமராவுக்கு."

"கமராவுக்கு அவங்களே கண்ணாடி போட்டுத்தானே விக்கிறாங்கள்."

"விக்கிறத நீ பார்த்தியா?"

நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றையும் யாரும் பார்த்ததில்லை. சவர அலகுக்கே வரிசையில் நின்றார்கள்.

அவருடைய கமரா, மூன்று கால் வைத்த பழைய மரப்பெட்டி. முன்னால் லென்ஸ், பின்னால் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல் கண்ணாடி. படம் எடுக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். முன்னால் இருப்பவரின் முகம் அதில் தலைகீழாக விழும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, முகம் எப்போது தெளிகிறதோ அப்போது நிறுத்தி, கண்ணாடி இருந்த இடத்தில் பிலிமை வைத்து எடுக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் கமரா வெறும் பெட்டி. அவருடையதை ஒரு ஆடு உடைத்துவிட்டது. கறுப்புத் துணியை இலை என்று நினைத்து இழுத்திருக்கிறது. "ஆடுதான் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "துணி அதுட வாயில கிடந்திச்சு," என்றார்.

வெள்ளைக்காரர்கள் துறைமுகத்தை விட்டுப் போன பிறகு, அங்கே கந்தோர்களில் தொங்கிய இங்கிலாந்து ராசாவின் படங்கள் ஏலத்தில் அப்பாவின் தலையில் விழுந்தன. ராசாவை யாரும் வாங்கவில்லை. ஆனால் அவர் முகத்தின் மேல் இருந்தது அருமையான கண்ணாடி. ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். ராத்தா வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ராசாவுக்குக் குமிழ் இல்லாதது. சனத்துக்குக் குமிழோட," என்றார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தெளிந்த கண்ணாடியை மங்கலாக்குவதற்கு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. முதலில் நிலாவெளிக் கடற்கரை மணலைப் போட்டுத் தேய்த்தார். பூனை பிறாண்டிய மாதிரி வந்தது. பிறகு செங்கல் தூள். கண்ணாடிக்கு ஒன்றும் நடக்கவில்லை, சேலைதான் சிவந்தது. துறைமுகப் பட்டறையில் வேலை செய்த ஒருவர் எஞ்சின் வால்வு தேய்க்கிற பசையைக் கொடுத்தார். அதில் இருந்த எண்ணெய் சொரசொரப்புக்குள் இறங்கி, மங்கிய கண்ணாடி மறுபடி தெளிந்துவிட்டது. கடைசியில் ஒரு லொறிக்காரர் புல்மோட்டைக் கறுப்பு மண்ணைச் சாக்கில் கொண்டுவந்து இறக்கினார். ஒரு பிடி எடுத்தால் இரும்பு மாதிரிக் கனக்கும் மண். அதை உரலில் இடித்து, துணியில் சலித்து, தண்ணீரில் கலக்கினார். பாரமான தூள் உடனே கீழே அடங்கும். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை இரண்டாவது கோப்பையில் ஊற்றுவார். அதில் அடங்காததை மூன்றாவது கோப்பையில் ஊற்றி ஒரு பகல் முழுக்க அசையாமல் வைப்பார். குசினிக்குள் யாரும் அதிர்ந்து நடக்கக் கூடாது. மூன்றாவது கோப்பையின் அடியில் கிடப்பது முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்கும்.

முதல் கோப்பைத் தூளில் தொடங்கி மூன்றாவதில் முடிப்பார். ஈரச் சாக்கின் மேல் கண்ணாடி. அதன் மேல் ஒரு சிட்டிகைத் தூளும் நாலு சொட்டுத் தண்ணீரும். இன்னொரு சின்னக் கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். அந்தச் சத்தத்துக்குப் பல் கூசும். அடிக்கடி கழுவி, காய வைத்து, வெளிச்சத்தில் பிடிப்பார். எங்காவது ஒரு பொட்டு மினுங்கினால் மறுபடி முதலிலிருந்து.

முதல் கண்ணாடியை எனக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"நல்லா இரிக்கெண்டு சொல்லாத. எங்க பிழையெண்டு சொல்லு."

"நாலு மூலையிலயும் பிழை. நடுவில மட்டும் கையை அமத்தித் தேய்ச்சிருக்கிறீங்கள். இதை நான் கக்கூஸ் யன்னலுக்குக் கூடப் போடமாட்டன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீ வாயால கெட்டவள். உன்ட வாயில பொய் நிக்காது," என்றார். எனக்கு ஒருவரும் அதுவரை அப்படி ஒரு பாராட்டுத் தந்ததில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

அவரிடம் படம் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். அடையாள அட்டைக்குப் படம் கேட்ட காலம் அது. கிண்ணியாவில் பல பெண்கள் ஆண் படக்காரருக்கு முன்னால் உட்காரச் சம்மதிக்கவில்லை. ராத்தாவின் வீட்டுப் பின் அறையில் ஒரு கதிரை, பின்னால் ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான் ஸ்டூடியோ. "வயசு முப்பத்தஞ்சு" என்று ஒருத்தி சொன்னால், ராத்தா துணிக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாப்பது" என்பார். நேராக நிற்கிற முகம் ஏமாற்றும், தலைகீழாக நிற்கிற முகத்துக்கு ஏமாற்றத் தெரியாது என்பது அவர் கொள்கை.

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் ஊரே பிறை கண்டது. ராத்தாவும் முற்றத்தில் நின்று வெறும் கண்ணால் கண்டார். கண்டும் மனம் ஆறவில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து வானத்துக்குத் திருப்பி, துணிக்குள் தலையை விடுவதற்குள் பிறை மறைந்துவிட்டது. அடுத்த நாள் வட்டிலப்பத்தைச் சந்தேகத்தோடுதான் தின்றார் என்று அவர் மகள் எனக்குச் சொன்னாள்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அவருடைய மாப்பிள்ளை, அதாவது புருஷன், காய்ச்சலில் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ராத்தா அப்போது ஏழு மாதம். மாப்பிள்ளையின் மாமி, அவர் தகப்பனின் சகோதரி, போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சுகமா இரிக்கான், எழும்பி இருந்து தேத்தண்ணி குடிச்சான். நீ வராத, காத்துல பாதை ஆடுது," என்றார். பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கடலைக் கடக்கிற மிதவை. ராத்தா நம்பினார். போகவில்லை. அன்று பின்னேரமே மனிதர் முடிந்துவிட்டார். மாமி சொன்ன அந்த நேரத்தில் அவருக்கு நினைவே இருக்கவில்லை. அன்றிலிருந்து ராத்தா அந்த மாமியோடு கதைக்கவில்லை. யார் சொல்வதையும் நம்புவதுமில்லை.

இந்தக் கதையை நான் முழுதாக ஏற்கமாட்டேன். தன் கல்யாண வீட்டிலேயே புரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்த பொம்பிளை அவர் என்று அதே ஊர்தான் சொல்கிறது. சிலர் பிறக்கும்போதே அப்படி. ஆனால் மாமியோடு பதினொரு வருஷம் கதைக்காமல் இருந்தது உண்மை. மாமியின் வீடு ராத்தாவின் வீட்டுக்கு நாலாவது வீடு.

அந்த மாமிக்கு அந்த வருஷம் ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. அப்போது அது பெரிய விஷயம். வெளிநாட்டுக் காசு கட்டுப்பாடு. ஊருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். மாமியின் மகன் அதை எடுத்துக்கொண்டு, படம் எடுத்த மறுநாள் பின்னேர ரயிலில் கொழும்புக்குப் போக வேண்டும். தவறினால் இடம் வரிசையில் அடுத்தவருக்கு. மாமிக்கு வயது எழுபதுக்கு மேல், அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்குமா தெரியாது. ஆனாலும் ஆண் படக்காரரிடம் போகமாட்டேன் என்று ஒரே பிடி.

"பாஸ்போட் கந்தோரில படத்தைப் பாக்கிறவரும் ஆம்பிளைதானே மாமி," என்று பிறகு ஒரு நாள் நான் கேட்டேன்.

"அவர் பாக்கிறது படத்த. என்னைய இல்ல," என்றார்.

ஆகவே ராத்தாவிடம்தான் வர வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போகும் முன் வீடு வீடாகப் போய், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது அங்கே வழக்கம். மாமி எல்லா வீட்டுக்கும் போனார். நாலாவது வீட்டுக்கு மட்டும் போகவில்லை. படத்துக்கு வருவதாக ஆள் விட்டுச் சொன்னார்.

ராத்தா அதற்காகவே ஒரு புதுக் கண்ணாடி தேய்த்தார். அதற்காகவே என்று அவர் சொல்லவில்லை. பழையது மங்கிப்போச்சு என்றார். மங்கல் கண்ணாடி எப்படி மங்கும்? மூன்று நாள் தேய்த்தார். அதில் நான் ஒரு பிழையும் சொல்லவில்லை. சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் உப்புக் காற்றில் கமராவின் பின் சட்டம் ஊதி, கண்ணாடி உள்ளே இறங்க மறுத்தது. சட்டத்தையும் கண்ணாடியையும் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். ஓரத்தை ஒரு நூல் அளவு வெட்டிப் பூட்ட வேண்டும். நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது துறையடி பஸ் ஹோண் அடித்தது. அவர் பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீயே பூட்டி நாளைக்கு விடியக் கொண்டு வா. நான் பாக்கத் தேவல்ல."

பஸ் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

பெருமையில் வேலை செய்தேன். ஆணி அடித்தேன். கண்ணாடி அசையாமல் ஓரத்துக்கு மக்கு என்கிற பசையைப் பூசினேன். மங்கல் கண்ணாடி என் கையால் நூற்றுக்கணக்கான யன்னல்களுக்குப் போயிருக்கிறது. யன்னலில் சொரசொரப்புப் பக்கத்தை வீட்டில் இருக்கிற ஆளின் பக்கம் வைப்போம். வெளியே வைத்தால் மழை பட்டுத் தெளிந்துவிடும், வீட்டுக்குள் நடப்பது றோட்டுக்குத் தெரியும். என் கை அதே பழக்கத்தில், சொரசொரப்பை ஆள் நிற்கிற பக்கம், ராத்தாவின் முகம் வருகிற பக்கம் வைத்துப் பூட்டிவிட்டது. கமராவில் அது லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

மறுநாள் காலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி வந்து கதிரையில் இருந்தார். முக்காட்டைச் சரிசெய்தார். வெள்ளைத் துணியைக் கட்டியிருந்த கயிறு அறுந்துபோயிருந்ததால் அதைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை எனக்கு.

"இந்தப் பிள்ளைக்கிட்டச் சொல்லு, படம் சரியா வரணுமெண்டு," என்றார் மாமி, சுவரைப் பார்த்து.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து ராத்தா, "அவகிட்டச் சொல்லு, கதைச்சா வாய் ரெண்டா விழும்."

"ரெண்டு பேரும் ஒரு அறைக்குள்ளதானே இருக்கிறீங்கள். நான் என்ன தபால்காரியா?" என்றேன். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரமெண்டு கேளு."

"ஹஜ்ஜுக்குப் போறவங்க பொறுமை பழகணுமெண்டு சொல்லு."

"பொறுமையப் பத்தி யார் கதைக்கிறதெண்டு கேளு."

ராத்தா துணிக்குள் வழக்கத்தை விட அதிக நேரம் இருந்தார். கண்ணாடியின் சொரசொரப்பு அவர் மூக்கு நுனிக்கு முன்னால் இருந்தது. எப்போதும் கண்டுபிடித்திருப்பார். ஆனால் அன்று அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பதினொரு வருஷமாக நேரே பார்க்காத ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பிறகுதான் யோசித்தேன்.

அடுத்த நாள் நான் கடை திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். முதல் பாதையில் கடந்து வந்திருக்கிறார். படத்தை மேசையில் வைத்தார். பின்னால் நான் பிடித்த வெள்ளைத் துணியில் தையலை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவ்வளவு தெளிவு. முன்னால் இருந்த மாமி, புட்டு அவிகிற ஆவிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மாதிரி இருந்தார்.

பிறகு சட்டத்தை வைத்தார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். விளங்கிவிட்டது. ஒரு கண்ணாடித் தடிப்புத்தான் வித்தியாசம். ராத்தா முகத்தைத் தெளிய வைத்த இடம் ஒன்று, பிலிம் நின்ற இடம் இன்னொன்று. பிலிமுக்குத் தெளிந்தது பின்னால் இருந்த துணி.

"நேத்துப் பின்னேரமே படத்த வாங்கிட்டுப் போய், நான் வேணுமெண்டு அவட மூஞ்ச அழிச்சிட்டனாம் எண்டு ஒழுங்கையெல்லாம் கதை," என்றார். "திரும்ப எடுக்கிறன் எண்டு ஆள் விட்டன். வரமாட்டாவாம். ஒரு தரம் அழிச்சவ ரெண்டாம் தரமும் அழிப்பாளாம்."

"ஏசுங்கோ ராத்தா."

"ஏசி என்ன? நான் பாக்கல்ல." மறுபடியும், "நான் பாக்கல்ல," என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.

அவர் ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி இரண்டு பேரும் சரியாகியிருப்போம். எனக்கு அதுதான் தெரிந்த வழி. ஆணியைப் பிடுங்கினேன். கண்ணாடியைத் திருப்பிப் போட்டேன். கடையைப் பூட்டினேன். அன்று எந்த பஸ் என்று கூட அவர் கேட்கவில்லை.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் நேரே மாமியிடம் போனேன். மாமி தஸ்பீஹ் மணியோடு விறாந்தையில் இருந்தார். சுற்றிவர ஏழெட்டுப் பெண்கள். ஹாஜியார் அம்மா ஆகப்போகிறவரைப் பார்க்க வந்து, பாவம் முகம் போச்சே என்று அழுதுகொண்டிருந்தார்கள்.

"மாமி, பிழை என்னில. கண்ணாடியை நான்தான் மாறிப் போட்டனான்."

"அவ சொல்லி அனுப்பினாளா?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

"இப்பிடிச் சொல்லச் சொல்லி உனக்கு என்ன தந்தா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ராத்தாவிட்ட இருந்து எனக்கு இதுவரைக்கும் கிடைச்சது தலையிடி ஒண்டுதான். நீங்கள் போனாலும் ஒண்டு, போகாட்டிலும் எனக்கு ஒண்டு. ஆனா நான் செய்த பிழையைத் தூக்கி வேற ஆளுக்குக் குடுக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது? ஊரெல்லாம் மாப்புக் கேட்டுக்கொண்டு திரியிறீங்கள். இந்தக் கதையையும் அதோட சேத்து எத்தினை பேருக்குச் சொல்லியாச்சு?"

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஒருத்தி எழும்பிவிட்டாள். மாமி மணி உருட்டுவதை நிறுத்தினார்.

"ஒரு கண்ணாடியத் திருப்பிப் போட்டா மூஞ்சி அழியுமா?"

"அழியும்."

"நான் நம்ப மாட்டன். எனக்குக் காட்டு."

அந்தக் குடும்பமே அப்படித்தான் போல.

பின் அறையில் கமரா நின்றது. மாமி துணிக்குள் பார்ப்பதென்றால் கதிரையில் ஒருவர் இருக்க வேண்டும். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் போட ஒருவர் வேண்டும். என் பிழையை நான்தான் காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே ராத்தா கதிரையில் இருந்தார். அவரை ஒருவரும் படம் எடுத்ததில்லை. எத்தனையோ பெண்களுக்கு நாடியை உயர்த்தச் சொன்னவர், தன் நாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்.

ராத்தாவின் முகம் தெளியும் வரை லென்ஸை நகர்த்திவிட்டு, மாமியின் தலையைத் துணிக்குள் விட்டேன்.

"தலைகீழா இரிக்கா," என்றது துணி.

"அது அப்பிடித்தான். முகம் தெளிவா?"

"ம்."

கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். "இப்ப?"

"புகை அடிச்ச மாதிரி."

மறுபடி சரியாகப் போட்டேன். "இப்ப?"

நான் நேரத்தைப் பார்த்தேன். மாமியின் மகன் வாசலில் நடந்துகொண்டிருந்தான். துணி அசையவில்லை. ராத்தாவும் அசையவில்லை. படம் எடுக்கும்போது அசையக் கூடாது என்று ஊருக்கே சொன்னவர், யாரும் படம் எடுக்காதபோதும் அசையாமல் இருந்தார்.

"கிழவியாயிட்டாளே," என்றது துணி.

நான் கண்ணாடிச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"அண்டைக்குக் காத்து. பாதை ஆடிக்கிட்டுக் கிடந்திச்சு. வயித்துல புள்ளையோட நீ வந்து விழுந்திருவாயெண்டுதான் சொன்னன். நல்லதெண்டு நினைச்சுத்தான் சொன்னன். மாப்புத் தா."

கறுப்புத் துணிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அதைச் சொன்னார். வேறு எங்கே வைத்தும் அவரால் அதைச் சொல்லியிருக்க ஏலாது என்று நினைக்கிறேன். இது முடிந்தது, இனிப் படத்தை எடுக்கலாம் என்று எனக்கு மூச்சு வந்தது.

"வெளிய வந்து சொல்லுங்க," என்றார் ராத்தா. "மூஞ்சியப் பாக்காம நான் நம்ப மாட்டன்."

அந்த நேரத்தில் எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. எழுபது வயது மனுஷி, ரயிலுக்கு நேரம் போகிறது, இதிலுமா சோதனை? துணி மெதுவாக விலகியது. மாமி வெளியே வந்தார். முக்காடு ஒரு பக்கம் சரிந்து, நரை மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவர் மறுபடி சொல்லவில்லை. நின்றார். ராத்தா பார்த்தார். ஒன்பது கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்த மனுஷி. அவர் எதையாவது இவ்வளவு கொஞ்ச நேரம் பார்த்ததை நான் கண்டதில்லை. கதிரையை விட்டு எழும்பினார்.

"தந்தாச்சு. இரிங்க மாமி. நாடியக் கொஞ்சம் உயத்துங்க."

மாமி இருந்தார். "கண்ணத் துடைக்கட்டா?"

"துடைங்க. அழுத மூஞ்சக் குடுத்தா, உங்கள ஆரோ கட்டி இழுத்துட்டுப் போறாங்கெண்டு நினைப்பாங்க."

மாமி சிரித்தார். "பல்லு வேணாம்," என்றார் ராத்தா. நான் துணியைப் பிடித்தேன். இந்த முறை கமராவுக்குப் பின்னால் போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தேன். படம் காய நேரமில்லை. ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து மகன் ஈரத்தோடு கொண்டு ஓடினான். கண் இமை மயிரை எண்ணலாம், அப்படி ஒரு படம். மாமி போனார். போய்ப் பேரீச்சம்பழத்தோடு திரும்பியும் வந்தார். எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார். ராத்தா ஒவ்வொன்றையும் பிளந்து புழு பார்த்துத்தான் தின்றார். மாப்பு வேறு, பேரீச்சம்பழம் வேறு என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து என் கடைக்கு வந்தார். பக்கத்து ஊரில் ஒரு படக்காரர் அவருடைய கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். ராசாவின் கண்ணாடி ஒன்று மிச்சம் இருந்தது. தேய்த்துக்கொண்டு வந்து, வெட்டிப் பூட்டித் தரச் சொன்னார். நான் லென்ஸ் பக்கத்தை மூன்று தரம் யோசித்து, சரியாகப் பூட்டி, அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கட்டை விரல் நகத்தால் முன் பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தார். திருப்பி, மற்றப் பக்கத்தையும் சுரண்டிப் பார்த்தார். என் கடையில், என் மேசையில், என் முகத்துக்கு நேரே.

"என்ன, என்னில நம்பிக்கை இல்லையோ?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். சட்டத்தைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

"உன்ன நம்பாமலா? நகத்துல மக்கு ஒட்டிக் கிடந்திச்சு, அதத்தான் துடைச்சன்," என்றார்.

நகத்தில் மக்கு இருக்கவில்லை. அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய் அது. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கிழித்திருப்பேன். பஸ் வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனேன்.